ஆமினா உம்மாவின் பின்னால் நின்ற நிறம்

பெற்றோல் வரிசைகள் ஓய்ந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம், ஓகஸ்ட் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, ளுஹர் தொழுகை முடிந்த கால் மணி நேரத்தில், கல்முனைக்குடிக் கடற்கரை வீதியில் இருக்கும் ஐஸ் கம்பனி வாசலில், ஆதம்பாவா ஹாஜியாரின் தலைக்கு மேலே மூன்று சிவப்பு இதயங்கள் தோன்றி ஒன்றன்பின் ஒன்றாக 'பொக்' என்று வெடித்தன. அவருடைய மனைவி ஆமினா உம்மா பகல் சோற்றுக் கரியரோடு ஓட்டோவில் இருந்து இறங்கிய நேரம் அது. ஐஸ் எடுக்க வந்து நின்ற பதினேழு பேர் அதைக் கண்டார்கள். இதயங்கள் ஒவ்வொன்றும் எலுமிச்சங்காய் அளவு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொப்பி மூலையில் கீறுகிற அதே வடிவம். ஹாஜியார் கொசுவை விரட்டுவதுபோல கையால் விசுக்கினார். நாலாவது வந்தது. "கறியில உப்புக் கூடியிருந்தா இண்டைக்கும் திருப்பித்தான் அனுப்புவன்" என்று மனைவியைப் பார்த்து உரக்கச் சொன்னார். அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவதும் வந்தது.

இதற்கெல்லாம் காரணம் ஐஸ் கம்பனியின் மதில்தான் என்பதில் ஊருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அந்த மதிலைப் பூசியவள் றுகையா. நாற்பத்தாறு வயது, பாடசாலையில் சித்திரம் படிப்பித்தாள், புருஷன் அஸ்கி ஓட்டோக்களுக்கு சீட் தைக்கிறவன். அவனுடைய கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டிலில் அவள் படம் கீறினாள். அவளுடைய படங்களைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயம் இருந்தது, இரண்டும் நல்லதல்ல. பெரிய பலகை ஒன்றில் ஆறு கிழமை, எட்டுக் கிழமை என்று நிறத்துக்கு மேல் நிறமாகப் பூசிக்கொண்டே போவாள். மரமோ வீடோ முகமோ அதில் இருக்காது. மழைக்கு முந்திய வயல் வானத்தைப்போல அது மெல்ல மெல்லக் கனத்து, பார்க்க வருகிறவர்கள் தாங்களாகவே குரலைத் தாழ்த்துகிற கட்டத்துக்கு வந்ததும், அதன் நட்டநடுவில் ஒரு வாழைப்பழத் தோலைக் கீறிவிடுவாள். அல்லது சுத்தியலால் அடிபட்டு வீங்கிய கட்டைவிரல் ஒன்று, அதைச் சுற்றி ஐந்து நட்சத்திரம். கொழும்பில் நடந்த ஒரு கண்காட்சியில், கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதர் நெடுநேரம் படத்தின் முன்னால் நின்றுவிட்டு, வாழைப்பழத் தோலை மட்டும் அழித்துத் தந்தால் வாங்குவதாகச் சொன்னார். றுகையா அன்று பின்னேரமே இரண்டாவது தோலொன்றைக் கீறினாள். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டவர்களுக்கு, "நிறம் கொஞ்சம் பெருமை புடிச்ச சாமான். அதுட தலையில ஒரு குட்டு வெச்சாத்தான் மனிசரோட கதைக்கும்" என்பாள். இந்தப் படம் என்ன என்று கேட்டவர்களுக்கோ அவளிடம் பன்னிரண்டு பகிடிகள் தயாராக இருந்தன. ஒவ்வொரு ஆளுக்கும் ஒன்று எடுத்துக் கொடுப்பாள். அந்தக் கேள்விக்கு அவள் ஒரு நாளும் நேராகப் பதில் சொன்னதில்லை.

ஹாஜியார் அவளைக் கூப்பிட்டு அனுப்பியதற்குக் கலை காரணமல்ல. கம்பனி மதில் நூற்றிருபது அடி நீளம். வீதியால் போகிற ஆண்கள் அதை ஒரு வசதியாகப் பாவித்துவந்தார்கள். "ஆக்கள் வந்து நிண்டு நாறடிக்கிறாங்க தங்கச்சி. உருவம் ஒண்டும் வேணாம். ஆருக்கும் விளங்காத மாதிரி என்னவாச்சும் பூசி உடுங்க. விளங்காத சாமானுக்கு முன்னால மனிசன் கனநேரம் நிக்கமாட்டான்" என்றார். "விளங்காத சாமான் பூசுறதுதான் ஹாஜியார் எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழில்" என்று றுகையா ஒப்புக்கொண்டாள். உப்புக் காற்றுக்காக மூன்று தரம் அடிப்பூச்சுப் போட்டு, அறுபத்தொரு நாள் வேலை செய்தாள். வாழ்க்கையில் அவள் பூசியவற்றிலேயே அதுதான் நல்லது; அது அவளுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் கை அரிக்கத் தொடங்கியது.

கடைசிக் கிழமை ஒரு பகல், அஸ்கியிடம் போய், "உருவம் வேணாம் எண்டுதானே அவர் சொன்ன?" என்று கேட்டாள்.

"ஓம்."

"உருவத்தச் சுத்தி வாற சாமான் வேணாம் எண்டு சொல்லல்லயே?"

அஸ்கி பல்லில் நூலைக் கடித்தபடி யோசித்தான். "நான் சீட் தைக்கிறவன். என்னக் கேட்டா நூல்தான் அறும்" என்றான்.

ஆகவே அவள் ஆட்களை விட்டுவிட்டு, கார்ட்டூனில் ஆட்களுக்கு வருகிறவற்றை மட்டும் கீறினாள். தலைக்கு மேலே வருகிற வியர்வைத் துளி, அடிபட்டால் சுற்றுகிற நட்சத்திரம், கோபத்தின் கறுப்புக் கிறுக்கல், யோசனை வந்தால் எரிகிற பல்ப், கேள்விக்குறி, ஓடுகிறவனின் காலுக்குப் பின்னால் எழும்புகிற தூசி, தூங்குகிறவனின் வாயில் இருந்து ஏறுகிற 'கொர்' எழுத்துக்கள், நாற்றத்தைக் காட்டுகிற மூன்று நெளிகோடுகள், சின்னச் சின்ன இதயங்கள். எல்லாம் இருந்தன, அவற்றுக்குக் கீழே ஆள் இல்லை. ஹாஜியார் வந்து மதிலை ஒரு முனையில் இருந்து மறுமுனைவரை நடந்து பார்த்து, கண்ணோ மூக்கோ எங்கும் இல்லை என்று கண்டு திருப்திப்பட்டார். பத்தொன்பது நாள் அந்தக் குறிகள் மதிலிலேயே இருந்தன. பிறகு, தங்களுக்குக் கீழே ஒருவரும் இல்லாததைப் பொறுக்கமுடியாமல், கழன்று ஆள் தேடிப் போயின. இதற்கு வேறு விளக்கம் ஊரில் எவரும் சொல்லவில்லை.

முதல் மாதம் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது. பாண்டிருப்பில் இருந்து மீன் கொண்டுவருகிற சின்னப்போடி, "விடியப் புடிச்ச பாரை, ஒலுவில்ல இருந்து நேர வருது" என்று கூவிக்கொண்டிருக்கையில் கூடைக்கு மேலே மூன்று நெளிகோடுகள் எழும்பி ஆடின. ஒரு கிழமை குடையை விரித்து மறைத்துப் பார்த்தார். குடையைத் துளைத்துக்கொண்டு வந்தன. எட்டாம் நாள், "இது முந்தாநாத்து மீன், புளி கூடப் போட்டா தின்னலாம்" என்று கூவினார். அதன் பிறகு சந்தையில் அவரிடம்தான் கூட்டம். ஒரு கூட்டத்தில் பிரதம அதிதி பேசி முடிக்கும்போது மண்டபத்துக் கூரையில் 'கொர்' எழுத்துக்கள் தடித்துப்போய் மின்விசிறிகள் சுழலமுடியாமல் நின்றன. மாமியார் ஒருவரின் தலைக்கு மேல் வந்த கறுப்பு மேகம் மூன்று நாள் அவரை மட்டும் நனைத்தது. மருமகள் நாலாம் நாள் ஒரு துவாயைக் கொண்டுபோய்க் கொடுத்தாள், மேகம் அரைவாசியாகக் குறைந்தது. கல்யாணப் பேச்சுக்கு வருகிற ஆட்கள் வெளியில் நின்று தலைக்கு மேல் ஒன்றும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு உள்ளே வந்தார்கள். இவை உருவத்தில் சேருமா என்று சிலர் மௌலவியிடம் போய்க் கேட்டார்கள். அவர், கண் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார்கள். கை கால் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார்கள். அப்படியென்றால் தனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னபோது அவருடைய தலைக்கு மேலே ஒரு கேள்விக்குறி நின்றது. அவர் அதை அண்ணாந்து பார்த்தார், மறைக்கவில்லை. அதற்காகவே அவர்மேல் ஊருக்கு மரியாதை கூடிற்று.

றுகையாவின் தலைக்கு மேல் மட்டும் ஒன்றும் வரவில்லை. செய்த ஆளுக்கு விலக்கு இருக்கத்தானே வேண்டும் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தாள்.

நாலாம் கிழமை மதிலின் வடக்குப் பக்கத்தில் ஐந்தடி அகலம் ஏழடி உயரத்துக்கு நிறமே கழன்றுபோய்ச் சீமெந்து தெரிந்தது. அன்று காலை ஆமினா உம்மா மீன் வாங்க வாசலுக்கு வந்தபோது அது அவருக்குப் பின்னால் நின்றது. தலைக்கு மேல் ஒரு குறியும் இல்லை. பின்னால் ஒரு பெரிய நிறம் மட்டும். பெரும்பகுதி கபிலம், வெள்ளம் வடிந்த பிறகு சேற்றோடு களப்புத் தண்ணீர் இருக்குமே, அந்த மாதிரி. கீழ் விளிம்பில் துருவின் சிவப்பு. இடது பக்கத்தில் மெல்லிய மஞ்சள் கோடொன்று ஏறி, மேலே போய்ச் சேராமல் பாதியில் நின்றது. அவர் நடந்தால் அதுவும் வந்தது. கதவால் போகும்போது ஒடுங்கிக்கொண்டது. குசினியில் அடுப்புப் புகை படாமல் கொஞ்சம் தள்ளி நின்றது. ஆமினா உம்மா அன்றும் வழக்கம்போல மீன் கறி ஆக்கினார்.

ஹாஜியாருக்குத் தூக்கம் கெட்டது. ஐஸ் கம்பனிக்கு வருகிற மீனவர்கள் அவரைப் பார்க்க அல்ல, ஆமினா உம்மா வருகிற நேரம் பார்த்து வரத் தொடங்கியிருந்தார்கள். சோறு கொண்டுவர வேண்டாம் என்று சொல்லி, ஓட்டோக்காரனிடம் கொடுத்து அனுப்பச் சொன்னார். கரியரின் மூடியைத் திறந்ததும் இதயம் வந்தது. முப்பத்திநாலு வருஷம் எவருக்கும் தெரியாமல் காப்பாற்றிய ஒன்றை ஊர் இப்போது வேடிக்கை பார்த்தது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவர் நேராக றுகையாவின் கொட்டிலுக்கு வந்தார்.

"மதில வெள்ளையடிக்கப் போறன் தங்கச்சி. நாளைக்கழிச்சு ஆள் வருது. நீங்களே உங்கட கையால அழிச்சா நல்லம்."

"வெள்ளையும் ஒரு நிறம்தானே ஹாஜியார். அதுல இருந்து என்ன வருமோ ஆருக்குத் தெரியும்" என்றாள் றுகையா.

அவர் சிரிக்கவில்லை. போகவும் இல்லை. சீட் தைக்கக் கிடந்த பஞ்சுப் பொதியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு சொன்னார்: "மத்த ஆக்களுக்கு வந்த எல்லாம் எனக்கு விளங்குது. கோவம் எண்டாக் கிறுக்கல், பயம் எண்டாத் துளி. எனக்கு வாறதும் விளங்குது, அது வேற கதை. அவக்கு வந்ததுதான் விளங்கல்ல. அது சந்தோசமா, வெறுப்பா? முப்பத்திநாலு வரிசம் ஒரு ஊட்டுல இரிக்கம். நான் தெரிஞ்சுக்கலாம் எண்டு ஒரு நாளும் நினைக்கல்ல. நீங்கதானே பூசின. அது என்ன எண்டு சொல்லுங்க."

றுகையா வாயைத் திறந்தாள். பன்னிரண்டு பகிடிகளில் ஏழாவது, ஹாஜியார்மாருக்குப் பொருத்தமானது, நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதிரில் இருந்த மனிதர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், வைத்தியர் ஒருவரின் வாயைப் பார்ப்பதுபோல. இருபது வருஷமாக எத்தனையோ பேர் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். பதில் உண்மையிலேயே தேவைப்பட்டவர் அவர் ஒருவர்தான். பகிடி நாக்கிலேயே காய்ந்துபோயிற்று.

"எனக்குத் தெரியா ஹாஜியார்" என்றாள். "சத்தியமா எனக்குத் தெரியா. பூசின நேரம் கை போன பக்கம் போன."

அப்போது அவளுடைய தலைக்கு மேலே விளாங்காய் அளவில் ஒரு வியர்வைத் துளி தோன்றியது. ஹாஜியார் அதைப் பார்த்தார். அவள் பொய் சொல்லவில்லை என்று நம்பினார். தொப்பியைப் போட்டுக்கொண்டு எழும்பிப் போனார். துளி மறுநாள்வரை இருந்தது. அஸ்கி, அது விழுந்துவிடாமல், சாப்பாட்டுக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

மறுநாள் காலை றுகையா ஆமினா உம்மாவைத் தேடிப் போனாள். அவர் பின்வளவில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நிறம் அவருக்குப் பின்னால், முருங்கை மரத்தை மறைத்து நின்றது. றுகையா ஒரு பலகைக் கட்டையில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். தன் கையால் பூசியதுதான். ஆனால் மதிலில் இருந்தபோது இத்தனை ஆழம் இருந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை.

"ராத்தா, இத நீங்க பாத்தீங்களா?"

"திரும்பினா அதுவும் திரும்புது. அலுமாரிக் கண்ணாடியிலதான் பாத்த" என்றார் ஆமினா உம்மா. கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். "கீழ இரிக்கிற செவப்பு கோவம்தான் புள்ள. ஆனா கோவம் மட்டும் இல்ல. அந்த மஞ்சள் என்ன எண்டு எனக்குத் தெரியும். கம்பனி என்ட வாப்பாட. சுனாமியில கடல் வந்த நேரம் இவர் சவூதியில. மெசின் எல்லாம் மண்ணுக்குள்ள. மூணு மாசம் மண் அள்ளி, கொம்பிரசரக் கழட்டி மண்ணெண்ணெயில கழுவி, ஒரு நாள் சுபஹுக்குப் பொறகு நான்தான் சுவிச்சப் போட்ட. ஓடிச்சி. இவர் டெலிபோன்ல, மெசின் ஓடுதா எண்டு கேட்டார். ஓம் எண்ட. அதுக்கு மேல கேக்கல்ல. மூணு வரிசம் கழிச்சி வந்து கம்பனிக் கதிரையில இருந்தார்."

"கபிலம்?"

"அதுக்குப் பேர் இல்ல. இல்லாட்டியும் அது சரியாத்தான் இரிக்கி." கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவருக்கு நீ ஒண்டும் சொல்லாத. முப்பத்திநாலு வரிசம் சோறு தின்ன நேரம் கறியப் பாத்தார். இப்ப இதப் பாக்கட்டும்."

"நாளைக்கு வெள்ளையடிக்கப் போறாராம் ராத்தா."

ஆமினா உம்மா மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். "எத்தின மணிக்கு எண்டு சொன்னார்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குச் சுண்ணாம்பு வாளிகளோடு இரண்டு பேர் வந்தார்கள். றுகையா வீதியின் மறுபக்கத்தில், கரைவலைத் தோணி ஒன்றின் நிழலில் நின்றாள். ஒரு தூரிகையைக் கையில் வைத்திருந்தாள், எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. நூற்றிருபது அடி மதிலும் வெய்யிலில் நின்றது. போகப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் அதை நேசித்தது அவளுக்கு விளங்கிற்று. சொன்னால் எவரும் நம்பமாட்டார்கள், வாழைப்பழத் தோல் எங்கே என்றுதான் கேட்பார்கள். எட்டரைக்கு ஓட்டோ வந்தது. ஆமினா உம்மா பிளாஸ்டிக் கதிரை ஒன்றோடு இறங்கி, வடக்குப் பக்கம் போய், சீமெந்து தெரிந்த இடத்துக்கு முதுகைக் காட்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். நிறம் அவருக்குப் பின்னால் மதிலில் போய், வெட்டிய துணி தைத்த இடத்தில் பொருந்துவதுபோலப் பொருந்திற்று. வெள்ளையடிக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு கேள்விக்குறிகள் தோன்றின.

ஹாஜியார் கம்பனிக்குள் இருந்து வந்தார். வாசலைத் தாண்டியதுமே இதயங்கள் வரத் தொடங்கின. ஐந்தல்ல, பத்தல்ல, எண்ணிக்கொண்டிருந்த சின்னப்போடி நாற்பதில் விட்டுவிட்டார். ஒன்று கனத்துச் சுண்ணாம்பு வாளிக்குள் விழுந்தது. ஐஸ் எடுக்க நின்றவர்கள் எவரும் சிரிக்கவில்லை. ஹாஜியார் இந்த முறை கையால் விசுக்கவும் இல்லை. மனைவிக்கு முன்னால் வந்து நின்று, முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு அவருக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். விளங்காத சாமானுக்கு முன்னால் மனிதன் கனநேரம் நிற்கமாட்டான் என்று தான் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ. வேலைக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பச் சொன்னார். உள்ளே போய், தன்னுடைய கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து எதிரில் போட்டார்.

"இந்த மஞ்சள் என்ன?" என்று கேட்டார்.

ஆமினா உம்மா சொல்லத் தொடங்கினார். மஞ்சள் முடிய ளுஹர் பாங்கு சொன்னது. தொழுதுவிட்டு வந்து மீண்டும் உட்கார்ந்தார்கள். சிவப்பின் கால்வாசிக்கு அஸர் ஆயிற்று. றுகையாவுக்கு அந்தக் கதிரைக் காலுக்குக் கீழே ஒரு வாழைப்பழத் தோல் கீற வேண்டும்போல கை துடித்தது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பொறுத்துக்கொண்டாள். அடுத்த கிழமை அதை வேறொரு பலகையில் கீறி ஆற்றிக்கொண்டாள்.

அதன் பிறகு அடுத்த மூன்று வருஷத்தில் சொல்லும்படி அதிகம் இல்லை. காலையில் கம்பனிக் கதிரையில் ஆமினா உம்மா இருந்தார். பின்னேரங்களில் ஹாஜியார் வீட்டு முற்றத்தில் அவருக்கு எதிரில் உட்கார்ந்து, மதிலைவிட்டு அவரோடேயே வந்துவிட்ட நிறத்தைப் பார்த்தார். துருச் சிவப்பு முழுவதும் விளங்குவதற்குப் பதினாலு மாதம் பிடித்தது. அதில் இரண்டு மாதம் அவர்கள் கதைக்காமலும் இருந்தார்கள். கபிலத்தில் கைவைத்தபோது ஹாஜியாருக்கு அறுபத்தைந்து வயது, கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. ஓட்டோக்காரர்களும் மீனவர்களும் தலைக்கு மேல் வருகிறவற்றோடு பழகிப்போனார்கள். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் இருந்து குறிகளை அளக்க வந்தவர்கள் அளந்துகொண்டு போனார்கள். றுகையாவிடம் படத்தின் கருத்தைக் கேட்டால் இப்போதும் பகிடிதான். ஆனால் கேட்கிறவரின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள், சிலரிடம் தெரியாது என்றும் சொல்வாள். அப்போதெல்லாம் அந்தத் துளி வரும். ஒரு துவாயைத் தோளில் வைத்திருக்கப் பழகிக்கொண்டாள்.

கண்ணில் படர்ந்த வெள்ளையை வெட்டி எடுக்க ஹாஜியார் கொழும்புக்குப் போனார், ஆமினா உம்மாவும் கூடப் போனார். அவர்கள் திரும்பி வந்த பஸ்ஸில்தான் றுகையாவும் கண்காட்சி முடிந்து, விற்காத படங்களோடு வந்தாள். ஹாஜியார் நாலு சீட் பதிந்திருந்தார். தங்களுக்கு இரண்டு, பின்னால் இரண்டு. பின் சீட்டுகளில் நிறம் நிமிர்ந்து நின்றது. கண்ணில் போட்டிருந்த கட்டை அன்று காலைதான் அவிழ்த்திருந்தார்கள். பஸ் வெளிக்கிட்டதில் இருந்து அவர் முன்னால் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பிப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இதுக்குள்ள நீலம் இரிக்கி" என்றார் கடைசியில். "கபிலம் எண்டு நான் படிச்ச எல்லாம் கபிலம் இல்ல. நீலம் கிடக்கு, பச்சை கிடக்கு. கண்ணில இருந்த ஊத்தைதான் எல்லாத்தையும் கபிலமாக் காட்டியிரிக்கி."

"அப்ப முதல்ல இருந்து தொடங்குங்க" என்றார் ஆமினா உம்மா.

கொண்டக்டர் டிக்கெட் பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் இருக்கிற இரண்டு சீட்டும் ஆருக்கு என்று கேட்டார். "அவட" என்றார் ஹாஜியார், மனைவியைக் காட்டி. கொண்டக்டர் நாலு டிக்கெட்டையும் கிழித்துக் கொடுத்துவிட்டு, காற்றில் விளிம்பு அடிபடாமல் இருக்க அந்தப் பக்கத்து ஜன்னலை இழுத்துச் சாத்திக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார்.